தீப்பெட்டிப் படம்

கிராமத்தில் கழிந்த சின்ன வயதைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. நுங்கு வண்டி, பொன்வண்டு, கண்மாய்க் குளியல், பனங்கிழங்கு, கோயில் கொடையில் வாங்கிய பலூன். இப்போது இதெல்லாம் ஒரு நிமிட வீடியோவாகவும் வருகிறது. பின்னால் ஒரு புல்லாங்குழல், கீழே 'இதை அனுபவிச்சவங்க மட்டும் லைக் போடுங்க' என்று ஒரு வரி. இதைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வராது. நானும் அந்த வீடியோவை நிறுத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்கிற ஆள்தான். ஆனால் கொஞ்ச நாளாகவே ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்தச் சந்தோஷங்கள் நிஜம், சரி. அவை நிஜம் என்பதாலேயே அவை நடந்த வாழ்க்கை நல்ல வாழ்க்கை ஆகிவிடுமா? ஆகாது என்றால், கையில் மிச்சமிருக்கும் அந்தச் சந்தோஷங்களை என்ன செய்வது?

பொதுவாகப் பேசினால் இது எங்கேயும் போய்ச் சேராது. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். தீப்பெட்டிப் படம்.

தீப்பெட்டியின் மேல்புறம் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டு அது. பெரியவர்கள் லேபிள் என்பார்கள், எங்களுக்குப் படம். சிங்கம், மயில், கப்பல், தாமரை, விமானம் என்று எத்தனையோ. கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் கரிசல் ஊரில், 90களின் முதல் பாதியில், சிறுவர்களுக்கு அதுதான் காசு. தரையில் வட்டம் கீறி, நடுவில் படங்களை அடுக்கி, ஓட்டுச்சில்லால் அடித்து வெளியே தள்ளுவோம். வெளியே போனது அடித்தவனுக்கு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மதிப்பு. எல்லாக் கடையிலும் கிடைப்பது ஒண்ணு. லாரி டிரைவர்கள் தூக்கிப் போட்ட வெளியூர்ப் பெட்டியில் கிழித்தது அஞ்சு. எல்லாவற்றுக்கும் மேலே அச்சு விலகிய படம். நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழாமல், சிங்கத்தின் சிவப்பு ஒரு பக்கமும் கறுப்புக்கோடு இன்னொரு பக்கமும் நகர்ந்துபோய், அது உறுமிக்கொண்டு திரும்புகிற மாதிரியே இருக்கும். அதற்குப் பத்து. ஆள் பார்த்து இருபதுகூட.

அச்சு விலகிய படம் கடைக்கு வராது. ஆபீஸிலேயே கழித்துப் போட்டுவிடுவார்கள். (எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் ஃபேக்டரி என்று சொல்வதில்லை, 'தீப்பெட்டி ஆபீஸ்'தான். பத்து வயதுப் பிள்ளையும் 'ஆபீஸுக்குப் போறேன்' என்றுதான் சொல்லும். அந்த வார்த்தையில் எவ்வளவு மறைந்திருந்தது என்பதை யோசித்தால் தனிக் கட்டுரை எழுதலாம்.) எங்கள் தெருவிலேயே அச்சு விலகிய படம் அதிகமாக வைத்திருந்தவன் நான். ஏனென்றால் என் அக்கா ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு எட்டு வயது, அவளுக்குப் பதிமூன்று.

அவள் கொண்டுவந்த படங்களை நான் ஒரு பழைய கோடு போட்ட நோட்டில் ஒட்டி வைத்தேன். அந்த நோட்டு இன்றைக்கும் இருக்கிறது. முதல் பக்கத்தில் வெறும் சிங்கங்கள், நடுவில் மயில்கள், கடைசியில் கொஞ்சம் பேராசையில் இரட்டையாக ஒட்டிய கப்பல்கள். ஓரத்தில் பசை மஞ்சளாகிப் பூச்சி அரித்திருக்கிறது. திறந்தால் ஒரு வாசனை வரும். அது மருந்து வாசனையா, பழைய காகித வாசனையா, நானே கற்பித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. என் சின்ன வயதின் சந்தோஷம் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் இந்த நோட்டைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

இந்த நோட்டு நிரம்புவதற்கு என்னவெல்லாம் வேண்டியிருந்தது என்று பார்ப்போம்.

1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்க்கிற பூமி. விவசாயத்தை மட்டும் நம்பினால் வருஷத்தில் பாதி நாள் அடுப்பெரியாது. எந்திரம் இல்லாமல் கையாலேயே செய்யக்கூடிய தொழில் என்பதால் அது சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று பரவியது. மரமும் குச்சியும் கேரளப் பக்கத்தில் இருந்து வரும், காய்ந்த வெயில் இங்கேயே இருந்தது, கூலி குறைந்த கைகளும் இங்கேயே இருந்தன. சிவகாசிக்குக் குட்டி ஜப்பான் என்று செல்லப்பெயர் வந்ததும், அந்தப் பெயரையே தலைப்பாக்கி சலம் பென்னூர்கர் 1990இல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஆவணப்படம் எடுத்ததும் பின்னால் நான் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்துகொண்டவை. படத்தில் வரும் பிள்ளைகள் என் அக்காவின் செட்டு. முகம் தெரிகிற மாதிரி இருந்தது, ஒருவரையும் தெரியாது.

ஆபீஸுக்குப் போவதற்கு முன்னால் வேலை வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்துப் பெட்டிக்கு மெல்லிய மரத்தகடும் நீலக் காகிதமும். மேல்பெட்டி, உள்பெட்டி என்று இரண்டு பாகம். ஏஜெண்ட் சைக்கிளில் கட்டுக்கட்டாகப் போட்டுவிட்டுப் போவார், இரண்டு நாள் கழித்து எண்ணி வாங்கிக்கொள்வார். எண்ணிக்கை குரோஸில். ஒரு குரோஸ் என்றால் 144. பள்ளிக்கூடத்தில் நான் பன்னிரண்டாம் வாய்ப்பாடு படிக்கும் முன்னாலேயே பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்து நாலு என்பது எங்கள் வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தச் சாயங்காலங்கள் அழகாக இருந்தன. அம்மா, அக்கா, பக்கத்து வீட்டு இரண்டு பிள்ளைகள், எதிர்வீட்டு ஆச்சி, எல்லோரும் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் பசைக் கிண்ணம். ரேடியோவில் நாடகம். விரல்கள் தானாக ஓடும், பார்வை ரேடியோவில் இருக்கும். ஆச்சிக்குப் பேய்க்கதை கைவந்த கலை. கதை முக்கியமான இடத்துக்கு வரும்போது எல்லோர் கையும் ஒரே நேரத்தில் நிற்கும். ஆச்சி கதையை அப்படியே நிறுத்திவிட்டு, "கை ஓடட்டும், அப்பத்தான் பேய் வரும்" என்பாள். கை ஓடும், பேயும் வரும். நான் நடுவில் புகுந்து, முடித்த பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டிருப்பேன். ஒரு பெட்டிக்குள் பொன்வண்டு, அதற்குக் கொடுக்காப்புளி இலை. அது மஞ்சளாக முட்டை வைத்ததைப் பார்க்க அத்தனை தலையும் ஒரே பெட்டிக்கு மேல் குனியும். யாராவது ஒருவர் சிரிக்கத் தொடங்கினால் அது திண்ணை முழுக்கப் போகும்.

இதைத்தான் நாம் 'கிராமத்து வாழ்க்கை' என்று எழுதுகிறோம். அதில் பொய் எதுவும் இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடுகிறோம். அந்தத் திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

சட்டமும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் பார்த்தது என்பது எனக்கு ஆச்சரியம். 1986ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டி செய்வதைப் பதினாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தடை செய்த வேலைகளில் சேர்த்தது. கூடவே ஒரு விலக்கும் வைத்தது. தொழில் செய்பவர் தன் குடும்பத்தாரின் உதவியோடு செய்தால் அந்தத் தடை பொருந்தாது. அதாவது அதே பிள்ளை, அதே பசை, அதே பெட்டி. வாசற்படிக்கு அந்தப் பக்கம் குற்றம், இந்தப் பக்கம் ஒத்தாசை. 2016இல் சட்டத்தைத் திருத்தியபோதும், ஆபத்தில்லாத குடும்பத் தொழில் என்றால் பள்ளி நேரம் போக உதவலாம் என்ற வாசலைத் திறந்தேதான் வைத்தார்கள். சட்டம் எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. வீடு என்றால் பாசம், பாசம் இருக்கிற இடத்தில் சுரண்டல் எப்படி இருக்கும் என்ற நம்பிக்கை அது. அம்மாவோடு உட்கார்ந்து பட்டாணி உரிக்கிற பிள்ளையை யார் தடுப்பார்கள்? ஆனால் பட்டாணியை யாரும் குரோஸ் கணக்கில் எண்ணி வாங்கிக்கொண்டு போவதில்லை.

பாசம் இருந்தது. அதனால்தான் வேலை வேலையாகத் தெரியவில்லை. இரண்டும் ஒரே திண்ணையில் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு இருந்தன. ஏஜெண்டுக்கு ஆச்சியின் பேய்க்கதைக்கு எந்தக் கூலியும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்தக் கதை இல்லாமல் அத்தனை குரோஸ் ஒட்டியிருக்க மாட்டார்கள்.

எட்டாம் வகுப்பு பாதியில் அக்கா நின்றாள். அந்த வருஷம் பருத்தி பொய்த்தது, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, ஏதோ கடன். காரணங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. விடியுமுன் வேன் வரும். முதலில் கட்டை அடுக்குகிற வேலை. பள்ளம் பள்ளமாக இருக்கிற கட்டைகளில் குச்சிகளை வரிசையாகப் பதித்துச் சட்டத்தில் அடுக்க வேண்டும். பிறகு லேபிள் ஒட்டுகிற வேலை. அங்கேதான் அச்சு விலகியவை கழிந்தன. அவள் மடியில் நாலு, அஞ்சு என்று வந்து என் நோட்டில் ஏறின. நான் படித்தேன். என் ஃபீஸிலும் நோட்டுப் புத்தகத்திலும் அவள் கூலி இருந்தது. அந்தக் கோடு போட்ட நோட்டிலுமே இருந்தது.

1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் தீர்ப்பளித்தது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் இருந்த பிள்ளைகளை முன்வைத்துத் தொடங்கிய வழக்கு அது. வேலைக்கு வைக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணம் குழந்தைகளின் நலனுக்கான நிதிக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. அப்போது அக்காவுக்குப் பதினேழு. அவள் குழந்தை இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு அந்த நோட்டைத் திறக்கும்போது கை கூச வேண்டும் என்றுதான் தோன்றும். கூசவில்லை. சிங்கம் இன்னும் உறுமுகிறது. எனக்கு இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதுதான் என் சிக்கல்.

ஒரு தப்பிக்கும் வழி இருக்கிறது. 'அதெல்லாம் உண்மையான சந்தோஷம் இல்லை, வேறு வழியில்லாத சந்தோஷம்' என்று சொல்லிவிடலாம். இதற்குப் பெரிய ஆட்களின் துணையும் உண்டு. அமர்த்தியா சென் 'ஆன் எத்திக்ஸ் அண்ட் எகனாமிக்ஸ்' (1987) நூலில் இதைப் பற்றிப் பேசுகிறார். நெடுங்காலம் இல்லாமையில் இருப்பவர்கள் தங்கள் ஆசைகளைக் கிடைக்கக்கூடிய அளவுக்குச் சுருக்கிக்கொள்கிறார்கள், சின்னச் சின்ன தயவுகளில் மகிழ்ந்துவிடுகிறார்கள். ஆகவே ஒருவர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்பதை வைத்து அவருக்கு நியாயம் கிடைத்திருக்கிறதா என்று அளக்க முடியாது. இது எனக்கு முழுக்கச் சம்மதம். அரசாங்கம் திட்டம் போடும்போதும் நீதிமன்றம் தீர்ப்பு எழுதும்போதும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 'பிள்ளைக சந்தோஷமாத்தானே வேலை பாக்குதுக' என்று முதலாளி சொல்லும்போது சென்னைத்தான் எடுத்து நீட்ட வேண்டும்.

ஆனால் இதைப் போய் அக்காவிடம் சொல்ல முடியுமா? சொல்லிப் பார்த்தேன். போன வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அடுப்படியில் உட்கார்ந்து, சென் பேரைச் சொல்லாமல் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நீ சொல்றதெல்லாம் சரிதான்டா. ஆனா நீ பேசுறதக் கேட்டா, நான் அப்பச் சிரிச்சதே தப்புங்கற மாதிரி இருக்கு."

"அப்படிச் சொல்லலக்கா."

"பின்ன? விடிய நாலு மணிக்கு எந்திரிக்கணும். தூக்கம் கண்ணக் கட்டும். அது கொடுமைதான், இல்லன்னு யாரு சொன்னா? பள்ளிக்கூடம் விட்டதும் கொடுமைதான். ஆனா வேன்ல ஏறிட்டா நாங்க அடிச்ச கூத்து இருக்கே, நீ காலேஜ்ல கூட அடிச்சிருக்க மாட்ட. வேலை வேலைதான். அதுக்காக நாங்க சிரிச்சது பொய்யாகிருமா?"

இதில் எனக்குக் கிடைத்தது ஒரு பிரிவு. அவளுக்கு அது தேவைப்படவில்லை, அவள் பேச்சிலேயே இருந்தது. அவள் வேலையில் சந்தோஷமாக இருந்ததாகச் சொல்லவில்லை. வேலைக்கு நடுவில் சந்தோஷமாக இருந்ததாகச் சொன்னாள். வேனில் கூத்தடித்ததற்கான பெருமை வேனுக்கோ ஆபீஸுக்கோ சேராது. பதிமூன்று வயதுப் பெண்கள் பத்துப் பேரை எங்கே ஒன்றாக உட்கார வைத்தாலும் அந்தக் கூத்து நடந்திருக்கும். பள்ளிக்கூட பெஞ்சிலும் நடந்திருக்கும். அவர்கள் அதைக் கையோடு கொண்டுபோனார்கள். அங்கே கொடுக்கப்பட்டது அல்ல அது.

இதை நாம் அடிக்கடி தலைகீழாக்கிவிடுகிறோம். ஒருவர் ஒரு மோசமான இடத்தில் சிரித்தார் என்றால், ஒன்று அந்த இடம் மோசமில்லை என்கிறோம், அல்லது அந்தச் சிரிப்பு மெய்யில்லை என்கிறோம். முதலாவது வீடியோக்காரர்கள் செய்வது. இரண்டாவது என்னைப் போலக் கொஞ்சம் படித்தவர்கள் செய்வது. இரண்டு பேருமே அந்தச் சிரிப்பை அவளிடமிருந்து வாங்கி வேறு எதற்கோ சாட்சியாக நிறுத்துகிறோம்.

ஏக்கம் என்று நாம் சொல்லும் இந்த உணர்ச்சிக்கு ஆங்கிலத்தில் 'நாஸ்டால்ஜியா' என்று பெயர். அந்தச் சொல்லை 1688இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசெல் நகரில் தன் ஆய்வேட்டில் உருவாக்கினார். வீடு திரும்புதலுக்கும் வலிக்குமான இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துக் கட்டியது. அப்போது அது நோயின் பெயர், ஊரை விட்டு வந்தவர்களுக்கு வருகிற நோய். ஊரிலேயே இருப்பவர்களுக்கு அது வராது. அக்காவுக்கும் வரவில்லை. அவள் இன்னும் அதே தெருவில், நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். கண்மாயில் தண்ணீர் கிடந்தால் துவைக்கப் போகிறாள், அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில்லை. மழை பெய்தால் கரிசல் மண் காலில் அப்பிச் செருப்பு போட்ட மாதிரி ஆகிவிடும், எனக்கு அது கவிதை. அவளுக்கு வாசல் கழுவுகிற வேலை. ஆகவே கிராமத்துச் சின்ன வயதின் நினைவுப் பொருள்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வெளியே போனவர்கள். போக முடிந்தது எப்படி என்பதும் பல நேரம் அந்தப் பொருளிலேயே எழுதியிருக்கும்.

ஓரான் பாமுக்கின் 'மியூசியம் ஆஃப் இன்னொசென்ஸ்' நாவலில் கெமால் என்ற பணக்காரன் தான் காதலிக்கும் ஃபூசுனின் வீட்டிலிருந்து சின்னச் சின்னப் பொருள்களை எடுத்து எடுத்துச் சேர்க்கிறான். அவள் புகைத்துப் போட்ட சிகரெட் துண்டுகள் மட்டுமே 4,213. பாமுக் 2012இல் இஸ்தான்புல்லில் நிஜமாகவே அந்த அருங்காட்சியகத்தைத் திறந்தார், துண்டுகள் சுவர் நிறைய இருக்கின்றன. அந்த நாவலை உருகி உருகிப் படித்தவன் நான். ஆனாலும் முடித்ததும் ஒரு சங்கடம் மிஞ்சியது. எல்லாப் பொருளும் அவளுடையது, எல்லா நினைவும் அவனுடையது. அவளைக் கேட்டிருந்தால் அவள் எதை எடுத்து வைத்திருப்பாள்?

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. எல்லாப் பிள்ளைகளிடமும் பிரியமாக இருப்பதாக நினைக்கும் ஒருவர், சாரங்கராஜன் என்ற பையனுக்கு மட்டும் எதுவும் கொடுக்காமல் விட்டுவிடுகிறார். கடைசியில் அந்தப் பையன் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து நீட்டி, அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். டைரி அவனிடம் இருக்கிறது. இல்லாதது அந்த எழுத்து. நினைவுப் பொருள் என்பது பொருள் இல்லை, அதன் மேல் இருக்கிற கை என்பதை இவ்வளவு எளிதாக வேறு யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். என் நோட்டிலும் படங்கள் எனக்குக் கொடுக்கப்பட்டவை. கொடுத்தது பதிமூன்று வயது. ஆபீஸில் இருந்து திரும்பிய களைப்பில், தம்பிக்கு என்று ஞாபகம் வைத்து, மடியில் கட்டிக்கொண்டு வந்தது. குழந்தைத் தொழிலாளர் என்ற சொல் அந்த வேலையைச் சரியாகச் சொல்லிவிடுகிறது. அந்த ஞாபகத்தைச் சொல்ல அதனால் முடியாது.

அக்காவிடம் ஒரு நினைவுப் பொருள் உண்டு என்பது எனக்கு இந்தப் பொங்கலுக்குத்தான் தெரியும்.

அவள் மகள் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள். வகுப்பில் ஒரு கண்காட்சி. வீட்டில் இருக்கிற பழைய பொருள் ஒன்றைக் கொண்டுவந்து அதன் கதையை எழுதி வைக்க வேண்டும். "மாமா, அந்தத் தீப்பெட்டி நோட்டு தர்றீங்களா? செம வின்டேஜா இருக்கு" என்று கேட்டாள். கொடுக்கச் சந்தோஷம்தான். ஆனால் வெறும் நோட்டு போனால் அது வீடியோவாகிவிடும் என்று எனக்குப் பயம். சிங்கத்தைப் பார்த்து எல்லோரும் 'ச்சோ ச்வீட்' என்பார்கள். கூடவே வேறு ஏதாவது வேண்டும் என்று அக்காவிடம் கேட்டபோதுதான் அவள் பீரோவைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தாள்.

ஆபீஸ் கணக்கட்டை. பழுப்பேறிய, உள்ளங்கை அளவு அட்டை. தேதி, எத்தனை முடித்தாள் என்ற எண், கணக்கப்பிள்ளையின் சின்னக் கிறுக்கல். இதைவிட வேறென்ன வேண்டும்? நோட்டுக்குப் பக்கத்தில் இதை வைத்தால் யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டின் இரண்டு கணக்குகள். எனக்குக் கை பரபரத்தது.

"இதை ஏங்க்கா வச்சிருக்க?"

"அந்த வாரம் நான்தான் முதல். பெரிய பிள்ளைகளையே முந்திட்டேன்." முப்பது வருஷம் கழித்தும் அந்தப் பெருமை முகத்தில் இருந்தது. பிறகு அட்டையைத் திருப்பினாள்.

பின்பக்கம் பென்சிலில் பேர்கள். வேனில் கூட வந்த பிள்ளைகள், ஆபீஸை விட்டு ஒருத்தி கல்யாணமாகிப் போனபோது எல்லோரும் எல்லோர் அட்டையிலும் எழுதிக்கொண்டார்களாம். பத்தாவது முடிக்கிற பிள்ளைகள் ஆட்டோகிராப் நோட்டு நீட்டுவார்களே, அது. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒருத்திக்கு எழுதத் தெரியாது. அவள் பேர் இருக்க வேண்டிய இடத்தில் அஞ்சு இதழ் போட்டு ஒரு பூ.

நான் அட்டையைச் சாட்சியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதை வைத்திருந்தது பின்பக்கத்துக்காக.

மகள் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனாள். அக்கா கையால் மறைத்தாள்.

"நோட்டைக் கொண்டு போ. இது வேண்டாம்."

"அம்மா, இதான்மா முக்கியம். இது இல்லாட்டி யாருக்கும் புரியாது."

"அதுல என் பேரு மட்டுமா இருக்கு? அவளுகளக் கேட்டியா? ஒருத்தி பேத்தி எடுத்துட்டா. அவ வீட்டுல இதெல்லாம் சொல்லிருக்காளோ என்னமோ. தெரியாம எடுத்துட்டுப் போய்ச் சுவத்துல மாட்டுவியாக்கும்."

பேர்களை மறைத்துவிட்டு முன்பக்கம் மட்டும் வைக்கலாமே என்று நான் சொன்னேன். அதற்கு அக்கா பதில் சொல்லவில்லை, வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாள். அடுப்படியில் அவள் பதில் சொல்லாவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அட்டை இல்லாமல் நோட்டு பாதி உண்மைதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அந்தப் பாதி உண்மையை முழுதாக்குவது என் உரிமை இல்லை என்றும் நினைக்கிறேன். இந்த இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் வேலை சுலபம். சமூகத்துக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லி அட்டையை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், நல்ல காரணம்தான். ஆனால் முதலில் அந்தப் பெண்களின் விரல்களை ஒருவர் எடுத்துக்கொண்டார். இப்போது அந்த விரல்கள் வரைந்த பூவை, நல்ல காரணத்துக்காக, இன்னொருவர் எடுத்துக்கொள்வதா?

நோட்டு மட்டும் போனது. குறிப்பு எழுதித் தரும்படி மருமகள் கேட்டாள். நான் ஒரு பக்கம் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் மூன்று வரி அனுப்பினேன். 'தீப்பெட்டிப் படங்கள், கோவில்பட்டி வட்டாரம், 1992 முதல் 1995 வரை. ஒட்டியது தம்பி, வயது 8. ஆபீஸில் இருந்து கொண்டுவந்தது அக்கா, வயது 13.' வயது போட வேண்டுமா என்று அவள் கேட்டாள். போடு என்றேன். கண்காட்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சிங்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார்களாம். ஒரு பையன் மட்டும் குறிப்பைப் படித்துவிட்டு, "பதிமூணு வயசுல ஆபீஸா?" என்று கேட்டிருக்கிறான். அவள் அவனுக்கு அரை மணி நேரம் சொல்லியிருக்கிறாள்.

அட்டை மறுபடியும் பீரோவில், ரேஷன் கார்டுக்குக் கீழே இருக்கிறது. பூ வரைந்தவள் இப்போது சாத்தூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. நம்பர் கிடைத்தால் பேசிப் பார்ப்பதாக அக்கா சொல்லியிருக்கிறாள்.